அவர் இல்லை

கீரை அண்ணன் தேடிப்போன மாடு அன்று சாயங்காலமே தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. அவர்தான் வரவில்லை.

எங்கள் ஊர் கிள்ளானுக்குத் தெற்கே, கேரி தீவுப் பாலத்துக்குப் போகும் வழியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரே ஒரு கடைத்தெரு. எங்கள் மளிகைக்கடை, ஒரு சீனரின் காப்பிக்கடை, தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் சாப்பாட்டுக்கடை, கோயில், தமிழ்ப்பள்ளி, கிளினிக், அவ்வளவுதான். தெருவுக்குப் பின்னால் வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் உயரமான மின்கம்பிகள் போகும் நீளமான வெற்றுநிலம். கம்பிக்குக் கீழே யாரும் வீடு கட்ட முடியாது என்பதால் ஊர்க்காரர்கள் அதில் காய்கறி போடுகிறார்கள். வெண்டை, கத்தரி, பயத்தங்காய், மரவள்ளி, கீரை. அதற்கு அப்பால் எஸ்டேட்டின் செம்பனை, எண்ணெய்ப் பனைத் தோட்டம். எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் செம்பனைக்குள்தான் போய் நிற்க வேண்டும்.

நான் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் செம்பனைப் பக்கம் தனியாகப் போகவே மாட்டேன். இருட்டுக்குப் பயந்து இல்லை. பட்டப்பகலில்கூட அங்கே நின்றால் எல்லா வரிசையும் ஒன்றுபோலவே இருக்கும். திரும்பிப் பார்த்தால் வந்த வழி எது என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் அங்கேயே பிறந்தவர்.

கீரை அண்ணனும் அங்கேயே பிறந்தவர்தான். எஸ்டேட் எண்ணெய் ஆலையில் வேலை செய்துவிட்டு நின்றபிறகு, கம்பிக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் கீரை போட்டார். நான்கைந்து மாடுகளும் வைத்திருந்தார். காலையில் நாங்கள் கடை திறக்கும் நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, கூடைக் கீரையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். சிவப்புக்கீரை, முளைக்கீரை, சில நாள் பசலை. ஊரில் அவர் கீரை வாங்காத வீடு இல்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே. ஒரே மகளை ஜொகூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இந்த ஊரில் எனக்கு முதலில் கிடைத்த மனுஷி அந்த அக்காதான். எப்போது பால் காய்ச்சினாலும் எனக்கு ஒரு கிளாஸ் ஜன்னல் வழியாக வரும்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். சினையாக இருந்த மாடு மற்ற மாடுகளோடு திரும்பவில்லை. அண்ணன் சாப்பிட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மோட்டாரைக் கீரைப்பாத்தி ஓரத்தில் நிறுத்திவிட்டு செம்பனைக்குள் நடந்து போனதைப் பக்கத்துப் பாத்திக்காரர் பார்த்திருக்கிறார். மாடு வேறு பக்கமாக வந்து சேர்ந்தது. அக்கா அதைக் கட்டிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் ஒரு பக்கம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஊரில் ஒருவர்கூட வீட்டில் இருக்கவில்லை. போலீஸும் தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். பக்கத்துக் கிராமமான மலாய்க் கம்பத்திலிருந்து ஆட்கள் மோட்டாரில் வந்தார்கள். கேரி தீவிலிருந்து பூர்வக்குடி ஆட்கள் சிலர் தாங்களாகவே கேள்விப்பட்டு வந்து சதுப்புப் பக்கம் முழுக்கத் தேடினார்கள். காப்பிக்கடைச் சீனர் கடையை மூடிவிட்டுப் பெரிய கேத்தலில் காப்பி கொண்டுவந்து வைத்தார். எஸ்டேட்டில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் வேலை முடிந்த கையோடு வரிசை வரிசையாக நடந்தார்கள். கோயிலில் எல்லோருக்கும் சமையல். கோயில் தலைவர் ஒலிபெருக்கியைச் செம்பனைப் பக்கம் திருப்பி வைத்து, அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு அந்தப் பக்கமாக நடந்து வந்துவிடட்டும் என்று.

அவர் வரவில்லை. அவருடைய எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரில் சாமி ஆடுகிற ஒருவர், மேற்கே, தண்ணிக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னார். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் தண்ணீர்தான். எஸ்டேட் முழுக்க வாய்க்கால். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் குறைந்தார்கள். போலீஸ் போனார்கள். காப்பிக்கடை திறந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. எத்தனை நாள்தான் தேடுவார்கள்?

அதன்பிறகுதான் ஊரில் ஒரு மாதிரியான காலம் ஆரம்பித்தது. செம்பனைப் பழக்குலை வெட்டுகிற ஆள் ஒருவர் வந்து, மத்தியானத்தில் யாரோ மாட்டைக் கூப்பிடுவது போல் சத்தம் கேட்டது என்றார். லோரி ஓட்டுகிறவர் முச்சந்தியில் அவரைப் பார்த்தேன் என்றார். பந்திங் பாசார்ச் சந்தையில் பார்த்ததாக ஒருவர். மோரிப் கடற்கரையில் பார்த்ததாக ஒருவர். ஒவ்வொரு தடவையும் அக்கா கிளம்பிப் போவார். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்.

கீரைப்பாத்தியை யாரும் தொடவில்லை. கீரை முற்றிப் பூவிட்டு விதை உதிர்த்தது. விதை காற்றில் போயிற்று. அடுத்த மழைக்கு அண்ணனின் சிவப்புக்கீரை அடுத்தவர் பாத்தியில், சாக்கடை ஓரத்தில், பள்ளிக்கூட வேலியில், எங்கள் கடைக்குப் பின்னால் சிமெண்டு வெடிப்பில் என்று எங்கும் முளைத்தது. தளதளவென்று இருக்கும். ஒருவரும் கிள்ளமாட்டார்கள். என் வீட்டுக்காரர் கிள்ளான் பாசாரிலிருந்து கீரை வாங்கி வந்து விற்க ஆரம்பித்தார். ஊர்ப் பெண்கள் வாசலில் முளைத்திருந்த கீரையைத் தாண்டி வந்து காசு கொடுத்து அதை வாங்கிப் போனார்கள்.

அக்காவின் நெற்றிப்பொட்டுதான் ஊருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டை எடுத்து வருகிறவள் அக்காவின் முன்னால் வரும்போது ஒரு நொடி தயங்குவாள். கொடுப்பதா, தாண்டிப் போவதா? அக்கா தானே கையை நீட்டி எடுத்து வைத்துக்கொள்வார். அந்த ஒரு நொடியைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கோயில் தலைவர் வீட்டுக்கு வந்து, ஒரு காரியமாவது செய்துவிடலாம், ஆத்மா அலையக்கூடாது என்று பக்குவமாகச் சொன்னார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் மட்டும், "எத எரிக்கச் சொல்றாரு? அவரு சட்டையவா?" என்றார்.

அவர் போய்ச் சில வருஷமாகி, கொவிட் காலமெல்லாம் முடிந்து கடைகள் பழையபடி திறந்த சமயம், ஒரு காலையில் எங்கள் கோயில் வாட்சப்பில் ஒரு படம் வந்தது. ரவாங்கில் ஆதரவற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், சாலையோரத்தில் கிடந்தவர், பெயர் ஊர் சொல்லத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் யாராவது வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது. படத்தில் மெலிந்த முகம். நரைத்த முடி. நெற்றி அப்படியே. காது அப்படியே.

அக்கா பார்ப்பதற்கு முன்னால் ஊர் முழுவதும் பார்த்துவிட்டது. எங்கள் கடையில் போன் கைமாறிக்கொண்டே இருந்தது. அவரேதான் என்று அடித்துச் சொன்னார்கள். ஒரு அம்மா அங்கேயே அழுதுவிட்டார். கோயில் தலைவர் வேன் ஏற்பாடு செய்து எல்லோரும் போய் அழைத்து வரலாம் என்றார். மாலை வாங்க வேண்டும் என்றுகூட யாரோ சொன்னார்கள்.

அக்கா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கடை வேன நீ ஓட்டுவ இல்ல? நாளைக்கு நீ மட்டும் வா. வேற யாரும் வேணாம்."

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் வெங்காய வாசனை அடிக்கும் வேனில் கிளம்பினோம். கிள்ளான் தாண்டி, ஷா ஆலாம் தாண்டி, வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறினோம். அக்கா மடியில் ஒரு பை. அதில் அண்ணனின் சட்டை ஒன்று, சாரம் ஒன்று, நெத்திலிச் சம்பலும் சோறும் வைத்த டப்பா. வழியெல்லாம் பையின் வாயைப் பிடித்துக்கொண்டே வந்தார். டோலில் நான் கார்டைத் தேடியபோது, "மெதுவா போ, அவசரம் இல்ல," என்றார்.

அந்த இல்லம் ரவாங்கில் ஒரு தாமான் குடியிருப்பின் மூலை வீடு. இரும்புக் கம்பி போட்ட முன்கட்டில் சில ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொள்கிற பெண்மணி எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே துணி காயும் கொடிக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கதவைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தார். அக்காவைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தார்.

"வந்துட்டியா? இவ்ளோ நேரமா?"

அண்ணன்தான் என்று அந்த நிமிடம் நான் நம்பினேன். பார்த்துக்கொள்கிற பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அந்தப் பெரியவர் இதுவரை யாரிடமும் இப்படிப் பேசியதில்லையாம்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். விரல்களைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் சும்மா கொடுத்துக்கொண்டு சிரித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கையை விடாமலேயே அந்தப் பெண்மணியிடம் சொன்னார்.

"அவரு இல்ல."

பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்துச் சோற்றைப் பிசைந்து அவருக்குக் கொடுத்தார். அவர் நன்றாகச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, உப்பு கம்மி என்றார். அக்கா சரி என்றார். சாப்பிட்டு முடித்ததும் வாய் துடைத்துவிட்டு, கொண்டுவந்த சட்டையையும் சாரத்தையும் அந்தப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது, சுங்கை பூலோ வந்ததும் அக்கா தானாகவே சொன்னார். அந்த மனுஷன் வந்துட்டியா என்று கேட்டபோது, ஆமா என்று சொல்லிவிடலாம் போல் இருந்ததாம். சொல்லியிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள், ஊரே மாலை போட்டிருக்கும். "ஆனா அந்தக் கை இல்ல," என்றார். "அத்தன வருஷம் புடிச்ச கை. அது எனக்குத் தெரியாதா?"

ஊரில் கடைவாசலில் கூட்டம் நின்றிருந்தது. அக்கா யாரையும் பார்க்காமல், "அவரு இல்ல," என்று மறுபடி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த மாதம் அக்கா மறுபடியும் ரவாங்குக்குப் போனார். இந்தத் தடவை தனியாக. பஸ்ஸில் கிள்ளான் போய், அங்கிருந்து கொமுட்டர் ரயில் பிடித்தால் ரவாங்கில் இறங்கிவிடலாம். கையில் சோற்று டப்பா. அதற்கடுத்த மாதமும் போனார். சின்ன ஊரில் இதையெல்லாம் மறைக்க முடியாது. அவரும் மறைக்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டவர்களுக்கு, ரவாங்குக்கு என்று சொன்னார்.

அவர் இல்லை என்றால் எதற்குப் போக வேண்டும்? இந்தக் கேள்வியை முதலில் யார் கேட்டார்கள் என்று தெரியாது. சீக்கிரமே எல்லோரும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் பதிலும் ஊரிலேயே தயாராகிவிட்டது. அவர்தான். புத்தி கலங்கிப்போய்விட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்று இவள் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். பிள்ளைக்குப் பாரம் வேண்டாம் என்று மறைக்கிறாள். அக்கா கையை வைத்துத்தான் சொன்னார் என்று நான் கடையில் சொன்னதையும் விடவில்லை. கை மாறிவிட்டதாம் கை. வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தால் யார் கைதான் மெத்தென்று ஆகாது?

அன்று அண்ணனைத் தேடிச் செம்பனைக்குள் முட்டிவரை சேற்றில் நடந்தவர்கள்தான் இதையும் பேசினார்கள். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர்கள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அவர்களுக்கு அண்ணன் திரும்ப வேண்டியிருந்தது. தங்கள் கண்ணில் படாமல் அவர் போய்விட்டதை அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு இப்போது அக்காவிடம் தயங்காமல் வந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்குக் கொடுப்பதைப் போல, கொஞ்சம் குத்தலாகவே நீட்டினார்கள்.

கடையில் என்னிடம் கேட்டவர்களுக்கு நான் உறுதியாகச் சொன்னேன், நானும் கூடப் போனேன், அது அண்ணன் இல்லை என்று. ஒரு நாள் தேங்காய் வாங்க வந்த ஒரு அம்மா, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் போலக் கேட்டார்.

"நீ அவர எத்தன தடவ நேரா பாத்து பேசியிருப்ப, மா?"

யோசித்துப் பார்த்தால், அவர் தினமும் வந்தது காலையில் கடை திறக்கும் அவசரத்தில். நான் உள்ளே ரொட்டியை அடுக்கிக்கொண்டிருப்பேன். அவர் தொப்பி போட்டிருப்பார். பேசியதெல்லாம் என் வீட்டுக்காரரிடம். எனக்கு நன்றாகத் தெரிந்தது அவர் முதுகும், மோட்டாரும், கீரைக்கட்டை வாழைநாரால் கட்டும் விதமும்தான். அண்ணனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து சிரித்த முகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி முயன்றேன். அதே முகம்தான் வந்தது, தொப்பியோடு.

அந்த நாளிலிருந்து என்னால் அதை மாற்ற முடியவில்லை. அக்கா வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைப் போய்ப் பார்த்தேன். அது ஒரு இளைஞனின் படம். உதவவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அம்மா வீட்டுக்குப் போகும்போது, ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களில் ஒருவர் தலை நிமிர்ந்தால் நான் நின்று பார்ப்பேன். கிள்ளானில் பூக்கடை வரிசையில் ஒருவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் இல்லை அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த மனுஷனைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கீரை அண்ணனையா, ரவாங்கில் இருப்பவரையா?

கடைசியில் ஒரு மத்தியானம் அக்காவிடமே கேட்டுவிட்டேன். அவர் சமையலறையில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக இல்லாமல் வீட்டுக்குள்ளேயே போய், கதவோரம் நின்று கேட்டேன். அக்கா, கோவிச்சுக்காதீங்க, நிஜமாவே அது அண்ணன் இல்லையா என்று.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவரா இருந்தா நான் இப்படி சோத்த கட்டிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவ போய்ட்டு வருவேனா? அங்கயே படுத்துருக்க மாட்டேன்?" என்றார். கை துடைத்த துணியை மடித்தபடி, "அந்த மனுஷன் எவளையோ நெனச்சி ஒக்காந்துருக்காரு. என்னைய அவன்னு நெனச்சிக்கிறாரு. எங்க வூட்டுக்காரரும் எங்கயாச்சும் அப்படி ஒக்காந்திருந்தா, எவளாச்சும் ஒருத்தி போய் சோறு போடட்டும்னுதான்," என்றார்.

அன்று எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த முகம் மட்டும் போகவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் எஸ்டேட்டில் எங்கள் பக்கத்துச் செம்பனையை அழித்துப் புதிதாக நட ஆரம்பித்தார்கள். மரங்களுக்கு வயதாகிவிட்டது. பெரிய இயந்திரங்கள் வந்து ஒவ்வொரு மரமாகச் சாய்த்துத் துண்டாக்கின. நாள் முழுவதும் தரை அதிரும். கடையில் போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். வரிசை வரிசையாக வெளிச்சம் உள்ளே வந்தது. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தப் பக்கம் வானம் தெரிந்தது.

ஒரு காலையில் இயந்திரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. சத்தம் நின்றதைக் கேட்டே ஊர் வெளியே வந்தது. மூடிப்போன ஒரு பழைய வாய்க்கால். மேலே பெரணிச் செடியும் புல்லும் கூரை போல் படர்ந்து, அடியில் ஆழம் இருப்பதே தெரியாத இடம். அதைத் தோண்டும்போது ஒரு ரப்பர் பூட்ஸ் வந்திருக்கிறது. பிறகு இன்னொன்று. பாராங்கின் இரும்பு. எலும்புகள்.

போலீஸ் வந்து எடுத்துப் போனார்கள். ஜொகூரிலிருந்து மகள் வந்து டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் கொடுத்தாள். முடிவு வர வாரக்கணக்காகியது. அந்த வாரங்களில் எங்கள் கடையில் யாரும் நின்று பேசவில்லை. சாமான் வாங்கிக்கொண்டு உடனே போனார்கள். முடிவு வந்தபோது அது எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான்.

அந்த வாய்க்கால் கோயிலின் பின்சுவரிலிருந்து கொஞ்ச தூரம்தான். மரங்கள் இல்லாததால் இப்போது அங்கிருந்து கோபுரம் தெரிந்தது. தேடியவர்கள் பல தடவை அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் போயிருக்கிறார். அன்றைக்கே உயிர் போயிருக்கும் என்றுதான் போலீஸ்காரர் சொன்னார். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அக்கா ஒரே ஒரு தடவை, அதுவும் என்னிடம் மட்டும் கேட்டார். "மைக்குல கூப்ட்டாங்கல்ல, அது அவருக்குக் கேட்டுருக்குமா?" நான் இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

காரியம் பெரிதாக நடந்தது. மலாய்க் கம்பத்திலிருந்தும் கேரி தீவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காப்பிக்கடைச் சீனர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பொட்டை அழிக்கும் சடங்குக்குப் பெண்கள் கூடி உள்ளே போனபோது, அக்கா குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். தானே அழித்துவிட்டிருந்தார். செய்ய ஒன்றுமில்லாமல் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நிஜமாகவே அழுதார்கள். ஆனால் ரவாங்கைப் பற்றிப் பேசியது தப்பு என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அக்கா எதிர்பார்க்கவும் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டினார். சாம்பலைப் போர்ட் கிள்ளானில் படகில் போய்க் கரைத்தார்கள்.

கருமாதி முடிந்த அடுத்த வாரம் அக்கா சோற்று டப்பாவோடு என் கடைக்கு வந்தார். நான் வேன் சாவியை எடுத்துக்கொண்டேன். ரவாங்கில் அந்தப் பெரியவர் அதே கொடிக்குக் கீழே இருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். அக்காவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அக்காவின் நெற்றியையே பார்த்தார். பொட்டு எங்கே என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றார் அக்கா. பெரியவர் அழத் தொடங்கினார். சின்னப் பிள்ளை போல், தோள் குலுங்க. அக்கா அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். எலும்பைப் பெட்டியில் கொடுத்தபோது அழாதவர் அங்கேதான் அழுதார். நான் முன்கட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்க்கிறவர்களோடு உட்கார்ந்துகொண்டேன்.

அவர் இப்போதும் இருக்கிறார். அக்கா இப்போதும் போகிறார். ஊரில் இப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டி மட்டும், பிடிவாதமாகவோ மறதியாகவோ, அண்ணன் சௌக்கியமா என்று என்னிடம் விசாரிப்பார். நான் தலையாட்டிவிடுகிறேன். யாருக்குத் தலையாட்டுகிறேன் என்று யோசிப்பதில்லை.

புதுச் செம்பனைக் கன்றுகள் இப்போது இடுப்புயரம். அந்த வாய்க்கால் இருந்த இடத்தில், போன வருஷம் யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். எஸ்டேட் ஆட்கள் வேலைக்குப் போகும்போது அங்கே கற்பூரம் ஏற்றுகிறார்கள். ஆடு மாடு காணாமல் போனால் அங்கே வேண்டிக்கொண்டால் திரும்பி வந்துவிடுகிறதாம். கோயில் தலைவர் சின்னதாக ஒரு தகரக்கூரை போடலாம் என்று வசூல் ஆரம்பித்தார்.

அக்கா ஒரு நாள் காலையில் அங்கே போனார். நானும் கூடப் போனேன். கல்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம், ஊதுபத்தி, ஒரு சுருட்டு. கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்றார்கள். அவர் குனிந்து சுருட்டை எடுத்தார்.

"அவரு சுருட்டு குடிக்கமாட்டாரு," என்றார். "இங்க ஒண்ணும் வெக்காதீங்கய்யா. இங்க அவரு இல்ல."

அவர்கள் சரிங்கம்மா என்று மரியாதையாகச் சொன்னார்கள். அடுத்த வாரமே அங்கே கூரை ஏறிவிட்டது. இப்போது விளக்கும் எரிகிறது.

கற்பூரமும் சுருட்டும் எங்கள் கடையில்தான் வாங்குகிறார்கள். என் வீட்டுக்காரர் தனியாக ஒரு தட்டில் அடுக்கி வாசல் பக்கம் வைத்திருக்கிறார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் எஸ்டேட் ஆட்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு அவசரமாக உள்ளே வருவார்கள். நான் ரொட்டி அடுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்து, ஒவ்வொருவர் முகத்தையும் நேராகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.